பட்டு கொடுத்த ஒரு ஸ்டார்

காலையிலிருந்து பதினெட்டாவது தடவையாக சாருலதா அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ஒற்றை ஸ்டார் அப்படியேதான் இருந்தது.

அவளுடைய ரத்தக்காட்டேரி நாவல் வரிசையில் இரண்டாம் பாகம் வெளியாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. மாதாப்பூர் ஐ.டி. கம்பெனி ஒன்றுக்கு நைட் ஷிஃப்ட் கேப் ஓட்டும் ரத்தக்காட்டேரியின் கதை. புத்தகங்களுக்கான வெப்சைட்டில் நாற்பது பேர் ஐந்து ஸ்டார் கொடுத்திருந்தார்கள். எல்லாம் சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள். நாற்பத்தொன்றாவது ஆள் மட்டும் முன்பின் தெரியாதவர். பெயர் பட்டு, ஊர் போவன்பள்ளி.

"தொடர்ச்சியே இல்லை. டாங்க்பண்ட் ஏரிக்கரையில் நெஞ்சில் கட்டை பாய்ந்து சாகக் கிடக்கிறவன், அடுத்த பக்கத்தில் விடியற்காலை மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருக்கிறான். யார் காப்பாற்றினார்கள்? எழுதியவருக்கே கதை மறந்துவிட்டது போல. முதல் பாகத்தை மூன்று தடவை படித்தவள் நான். ஏமாந்துபோனேன்."

மூன்றாம் பாகம் போடலாமா வேண்டாமா என்று பதிப்பாளர் நாளை திங்கட்கிழமை சொல்வதாக இருந்தார். வாசகர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று சொல்லியிருந்தார்.

அதைவிட இன்னொன்று உறுத்தியது. யார் காப்பாற்றினார்கள் என்று கேட்கிறாளே? ஒரு நர்ஸ் வந்து தன் ரத்தத்தைக் கொடுத்து அவனைக் காப்பாற்றும் அத்தியாயத்தை சாரு ஆறு தடவை திருத்தி எழுதியிருந்தாள். அந்த ஒரு மாதம் வீட்டிலும் சொந்தக்காரர்களிடமும் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

"படிக்காமலே எழுதியிருக்கா" என்றாள் வாய்விட்டு.

"அதேதான்" என்றார் அப்பா அனந்தராமன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். டிஃபென்ஸில் முப்பது வருஷம் ரிப்போர்ட் எழுதியவர், மகளின் நாவலுக்கும் நாலு பாரா எழுதிப் போட்டிருந்தார்.

தம்பி சந்தீப் லேப்டாப்பை எட்டிப் பார்த்தான். "பட்டுன்னு யாராவது பேர் வெப்பாங்களா? ஃபேக் ஐடி, அக்கா. நக்கோ டென்ஷன், விட்டுத் தள்ளு."

பத்துப் பேர் புகார் பட்டனை அமுக்கினால் வெப்சைட்காரர்கள் அந்த விமர்சனத்தைத் தூக்கிவிடுவார்களாம். சந்தீப் ஒன்பது பேரைத் தயார் செய்து வைத்திருந்தான். சரியாக ஒரு மணிக்கு எல்லோரும் அமுக்க வேண்டியது. பத்தாவது ஆள் அவனே.

அல்வாலிலிருந்து சாப்பிட வந்திருந்த புஷ்பா அத்தையும் அந்த ஒன்பதில் ஒருத்தி. எங்கே அமுக்கணும் என்று செல்போனோடு மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாருவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தாள், ஜன்னல்வரை போனாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். யாரோடும் சண்டை போட்டுப் பழக்கம் இல்லை. இதுவரை எந்த வாசகருக்கும் பதில் எழுதியதும் இல்லை. ஆனாலும் புகாருக்கு முன்னால் ஒரே ஒரு வரி எழுதிவிடத் தோன்றியது. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்து பேசுங்கள் என்று.

அதற்குப் பக்க எண் வேண்டும். அவளுடைய பிரதி பீரோவில், பிரவுன் அட்டை போட்டபடியே இருந்தது. அச்சில் தன் எழுத்தைப் படிக்க அவளுக்குக் கூச்சம், பிரித்ததே கிடையாது. கையெழுத்து வாங்குவதற்காக அத்தை கொண்டு வந்திருந்த பிரதி டீப்பாய் மேல் கிடந்தது. அதை எடுத்தாள். கடை பில் இரண்டாம் பக்கத்தில் செருகியபடியே இருந்தது.

பக்கம் நூற்று அறுபது. டாங்க்பண்ட். நெஞ்சில் கட்டை.

எதிர்ப்பக்கம் பார்த்தாள். நூற்று எழுபத்தேழு. தக்காளி.

முன்னும் பின்னும் புரட்டினாள். உள்ளே ஓடிப்போய்த் தன் பிரதியை எடுத்து, பிரவுன் அட்டையோடு பிரித்துப் பார்த்தாள். அதிலும் அப்படித்தான். நூற்று அறுபதுக்கு அடுத்தது நூற்று எழுபத்தேழு. பைண்டிங்கில் முழுசாக ஒரு ஃபாரம், பதினாறு பக்கம், விட்டுப்போயிருந்தது. நர்ஸ் எந்தப் பக்கத்திலும் இல்லை.

திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்து அத்தை பதறிப்போனாள். "ஏண்டி இப்படி வெளிறிப்போயிட்டே? ஒருத்தி சொன்னா ஆச்சா? நாங்கல்லாம் படிக்கலையா?"

"அத்தை" என்றாள் சாரு மெதுவாக. "அந்த நர்ஸ் வர்ற அத்தியாயம் எப்படி இருந்தது?"

"அதுதானேடி புஸ்தகத்தோட உயிரே! ரெண்டு தடவை படிச்சேன். கண்ணுல தண்ணி வந்துடுத்து."

"மூணாவது பாராவுல அதைத்தான் நான் எழுதியிருக்கேன்" என்றார் அப்பா.

சுவர்க்கடிகாரம் ஒன்று அடித்தது. "அமுக்கட்டுமா, அக்கா?" சந்தீப்பின் விரல் பட்டன்மேல் இருந்தது.

"வேண்டாம். எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிடு. லேப்டாப்பை இங்கே கொடு."

ஒவ்வொரு விமர்சனத்துக்கும் கீழே வெப்சைட்காரர்கள் ஒரு கேள்வி வைத்திருந்தார்கள்: இதை எழுதியவர் புத்தகத்தைப் படித்திருக்கிறார் என்று நினைக்கிறீர்களா?

நாற்பத்தொரு பேரில் பட்டுவுக்கு மட்டும் சாரு 'ஆம்' என்று அமுக்கினாள்.