முன்கூட்டி வெட்டிய கல்

கிங்ஸ்பரிக்குப் போகிற பஸ்ஸின் மேல்தட்டில் இருந்துகொண்டு யோகலிங்கம் மெல்லக் கைதட்டினார்.

பக்கத்தில் இருந்த மனைவி சிவனேஸ்வரி திரும்பிப் பார்த்தார்.

“என்னப்பா, கனவோ?”

“கனவில்லை, நடக்கப்போறது. தை மாசம் ஊரில எங்கட பள்ளிக்கூடத்து ஆய்வுகூடம் திறக்கினம். பிள்ளையள் பாண்ட் வாசிக்கினம். கல்லை மூடின சிவப்புச் சீலை மெல்ல விலகுது. எல்லாரும் கைதட்டினம்.”

“முதல் இண்டைக்கு வெல்லுங்கோ.”

“அதில என்ன சந்தேகம்?”

ஜன்னல் கண்ணாடியில் பனிப்புகார் படிந்திருந்தது. அதில் விரலால் ஒரு கட்டடம் கீறினார். அதற்கு ஒரு வாசல். வாசலில் சின்னதாக ஒரு கல். வெளியே லண்டன் வெள்ளைப் புகாருக்குள் மிதந்துகொண்டிருந்தது. அவரும்தான்.

பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளைக்கு அன்று தலைவர் தேர்தல். ஆய்வுகூடம் அந்தக் கிளையின் காசில் எழும்பியது; திறப்புவிழா தலைவரின் பொறுப்பு. மூன்று முறை வென்றவர் யோகலிங்கம். மூன்று முறையும் அவரிடம் தோற்றவர் கிறிஸ்துராஜா. இந்த முறையும் அதே இரண்டு பேர்.

வாக்குக் கேட்டு யோகலிங்கம் ஒருவருக்கும் போன்கூட எடுக்கவில்லை. யாராவது விசாரித்தால் சிரிப்பார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்காகவே எதிராகப் போடலாம் என்று நினைத்தவர்கள் உண்டு.

“கிறிஸ்துராஜா பாவமப்பா,” என்றார். “போன முறை தோத்துப்போட்டு, ரோல்ஸும் தின்னாமல் காருக்குள்ள போய்த் தனிய இருந்தவர். கண்டனான்.”

“அப்ப அவருக்கு விட்டுக்குடுங்கோவன்.”

“தலைவர் பதவியையோ? அதை எப்பிடி விடுறது!”

மண்டபத்தில் எண்பது பேர் இருந்தார்கள். வாக்குச்சீட்டுக் கொடுப்பதற்கு முன் கிறிஸ்துராஜாவின் மருமகன் றொஜன் எழும்பினார்.

“ஒரு கேள்வி. அப்பப்பான்ர கல்லறைக் கல்லுக்கு ஓடர் குடுக்கப் போன மாசம் யாழ்ப்பாணம் போனனான். கல்லு வெட்டுற இடத்தில இன்னொரு கல்லைச் சாக்கால சுத்தி வைச்சிருந்தினம். மேல ‘லண்டன் யோகலிங்கம்’ எண்டு எழுதிக் கிடந்தது. ஆய்வுகூடத் திறப்புவிழாக் கல்லாம். உண்மையோ?”

“ஓம்,” என்றார் யோகலிங்கம்.

“வெட்டியாச்சோ?”

“ஓம். பேரோட வெட்டியாச்சு.”

மண்டபம் ஒரே சலசலப்பு. பின்வரிசையில் சந்திரவதனா கையை உயர்த்தினார்.

“அண்ணை, நாங்கள் இன்னும் வாக்கே போடேல்லை!”

“நான் வெல்லுவனெண்டு எனக்குத் தெரியும் தங்கச்சி. அதாலதான் வெட்டக் குடுத்தனான். தோத்தா அதைச் செய்ய எனக்கு என்ன உரிமை?”

“என்ன திமிர்!” என்று யாரோ வாய்விட்டே சொன்னார்கள்.

யோகலிங்கத்துக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. மண்டபத்துக் கூரையைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய காதில் பிள்ளைகள் பாண்ட் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்துராஜா மைக்கைப் பிடித்தார்.

“கல்லில பேர் வெட்டி முடிச்ச ஆளுக்கு உங்கட வாக்கு என்னத்துக்கு? உங்களை மதிக்கிறவருக்குப் போடுங்கோ. எனக்குப் பேர் வேண்டாம், புகழ் வேண்டாம். பள்ளிக்கூடம் மட்டும் போதும்.”

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கிறிஸ்துராஜாவுக்கு ஐம்பத்தெட்டு வாக்கு. யோகலிங்கத்துக்கு இருபத்திரண்டு.

நல்ல நித்திரையில் இருந்தவரை உலுக்கி எழுப்பியது போல யோகலிங்கம் விழித்தார். இவ்வளவு ஆசையாக அந்தப் பதவியை வைத்திருந்தோம் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“வெல்லுவனெண்டுதானே இருந்தனான், சிவனேஸ்,” என்றார்.

சிவனேஸ்வரி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் யோகலிங்கம் எழும்பிப் போய், வழக்கம் போலக் கதிரைகளை மடித்து அடுக்கத் தொடங்கினார்.

வெளியே, கிறிஸ்துராஜா காருக்குள் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டார். இந்த முறை தனிய இல்லை, பக்கத்தில் றொஜன். வாயைத் துடைக்கவும் பொறுமை இல்லாமல், றொஜனிடம் நம்பர் வாங்கி யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் கல் வெட்டுகிறவர் வந்தார்.

“லண்டன் யோகலிங்கத்தின்ர கல்லு கிடக்கெல்லே? அதில பேரை மாத்தவேணும். இப்ப நான்தான் தலைவர். அந்தாளின்ர பேரில ஒரு எழுத்தும் தெரியப்படாது. கிறிஸ்துராஜா எண்டு வெட்டுங்கோ.”

“ஆர், கிறிஸ்துராஜாவோ? பொறுங்கோ ஐயா.”

சாக்கை இழுக்கிற சத்தம் கேட்டது.

“இதில மாத்த ஒண்டுமில்லையே. ‘பழைய மாணவர் திரு. கிறிஸ்துராஜா அவர்கள் திறந்து வைத்தார்’ எண்டுதான் வெட்டிக் கிடக்கு. யோகலிங்கம் ஐயான்ர பேர் எங்கையும் இல்லை.”

பாதி ரோல்ஸ் கிறிஸ்துராஜாவின் கையிலேயே நின்றது. றொஜன் மற்றப் பக்க ஜன்னலைப் பார்த்தார்.

“அவர்தான் ஐயா ஓடர் தரேக்கை சொன்னவர்,” என்றார் கல் வெட்டுகிறவர். “‘தலைவர் பதவி எப்பிடியும் எனக்குத்தான் வரும். தோக்கிற மனுசன் இந்தமுறையும் காருக்குள்ள போய்த் தனிய இருக்கக்கூடாது’ எண்டு.”