ஆளுக்கொரு நோய்

"எனக்குச் சொறி வேணாம் டிரெஸ்ஸரய்யா! வேற ஏதாச்சும் கௌரவமான நோயா பாத்துக் குடுங்க."

மண்டோர் முருகையா ஆஸ்பத்திரி பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நூறு பேரை வேலை வாங்குகிறவர். அவருக்குப் போய்ச் சொறியா?

"உங்களுக்குச் சொறிதான் மண்டோரே," என்றார் டிரெஸ்ஸர் தங்கராஜு, அவருடைய விரலிடுக்குகளைப் பார்த்தபடி.

"இந்த ராக்கம்மாவுக்கு மட்டும் மலேரியா குடுத்தீங்க?"

"மலேரியான்னா நடுங்கணும்," என்றாள் வரிசையில் நின்ற ராக்கம்மா. "உங்க ஒடம்புக்கு அது வருமா?"

மலாயாவுக்குள் ஜப்பான்காரன் வந்த மறுவருடம் அது. புக்கிட் பெலண்டோக் பக்கத்து மூன்று ரப்பர் எஸ்டேட்டுகளுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க மிஞ்சியிருந்தவர் தங்கராஜு ஒருவர்தான். வெள்ளைக்கார டாக்டர் எப்போதோ ஓடிவிட்டார். மருந்து அலமாரியில் பல்லிகள் குடித்தனம் நடத்தின. தலைவலியோ கால்புண்ணோ, எதற்கும் பப்பாளி இலைக் கஷாயம்தான்.

அந்தத் தங்கராஜு நேற்று லயத்து வீடு வீடாகப் போய்க் காதைக் கடித்திருந்தார்.

"நாளைக்கு ஜப்பான் ஆபீசர் வர்றாரு. சயாம்ல ரயில் ரோடு போட ஆள் பிடிப்பாங்க. பொம்பளைங்களையும் சமைக்கக் கொண்டு போவாங்களாம். ஆனா நோயாளியத் தொட மாட்டாங்க. எல்லாரும் காலையில வந்துருங்க. ஆளுக்கொரு நோய் சொல்லித் தர்றேன்."

சயாமுக்குப் போனவர்கள் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள்கூட விடிந்ததும் வரிசையில் நின்றார்கள். தங்கராஜு ஒவ்வொருவர் கண் இமையையும் இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், யோசித்து யோசித்து நோயை ஒதுக்கினார்.

"சரி, எங்க, சொறிஞ்சு காட்டுங்க மண்டோரே."

முருகையா சொறிந்தார். கையில் ஆரம்பித்து, முதுகுக்குப் போய், தூணில் சாய்ந்து தேய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். கூட்டம் கைதட்டியது.

"இந்தத் தெறமைய எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று ராக்கம்மாவே வாயைப் பிளந்தாள். அவளும் சளைத்தவள் இல்லை. இரண்டு கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு பல் தந்தியடிக்க நடுங்கினாள்.

"அய்யா, எனக்கு என்ன நோய்?" திருவிழா நாடகத்தில் ராஜா வேஷம் கட்டும் அர்ச்சுனன் ஆவலோடு முன்னால் வந்தான்.

தங்கராஜு அவன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நாக்கைப் பார்த்தார். "உனக்கு ஒண்ணும் இல்ல. ஓரமா நில்லு."

"அய்யய்யோ! அப்ப நான் மட்டும் சயாமுக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. போடா."

அர்ச்சுனன் நம்பவில்லை. தனக்குக் காக்காய் வலிப்பு என்று தானே முடிவு செய்துகொண்டான்.

லாரி வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஆபீசர் இறங்கினார். இடுப்பில் வாள். நேராக ராக்கம்மாவிடம் போய், தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், என்ன நோய் என்று கேட்டார்.

"சாக்கிட் அப்பா?"

"அப்பாவுக்கு இல்ல துரை, அவரு செத்து ரொம்ப நாளாச்சு. எனக்குத்தான்!"

தங்கராஜு அவசரமாகக் குறுக்கே புகுந்து விளக்கினார். ஆபீசர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். முருகையாவின் விரல்களை விரித்துப் பார்த்தார். அப்போது அர்ச்சுனன் தொப்பென்று விழுந்து கைகாலை உதறினான். ஆபீசர் குனிந்து அவன் உள்ளங்காலில் ஈர்க்குச்சியால் கோடு கிழித்தார். வலிப்பு கெக்கெக்கே என்ற சிரிப்பாக மாறியது.

ஆபீசர் அவன் காதைப் பிடித்துத் தூக்கி லாரிப் பக்கம் தள்ளினார்.

"போச்சு! அர்ச்சுனன் போயிட்டான்!" என்று கூட்டம் கதறியது.

கொஞ்ச நேரத்தில் அர்ச்சுனன் தலையில் மரப்பெட்டியோடு திரும்பி வந்தான். மூச்சு வாங்க இன்னும் நான்கு பெட்டிகள் இறக்கினான். எல்லாம் மருந்து! முருகையாவுக்குக் கந்தகக் களிம்பு. ராக்கம்மாவுக்குக் கொய்னா மாத்திரை. 'ஒண்ணுமில்லாத ஒடம்புக்கு இந்தக் கசப்பா' என்று முனகியபடி அவள் விழுங்கினாள். நோயாளிகளுக்கு அரிசியைக் குறைக்கக் கூடாது, ஓய்வு தர வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு ஆபீசர் லாரியில் ஏறினார்.

புழுதி அடங்கியதும் முருகையா மீசையை முறுக்கினார். "ஒரு ஆளக்கூடப் பிடிக்காமப் போயிட்டான் பாத்தீங்களா? எங்க நடிப்ப அப்படியே நம்பிட்டான்!"

"அவரு ஆள் பிடிக்க வரல மண்டோரே. சிரம்பான்ல மருந்துக்குப் பொறுப்பா இருக்கற டாக்டர் அவரு. நான்தான் நடையா நடந்து வரச் சொல்லிக் கெஞ்சினேன்."

"அப்ப சயாம்?"

"அது நான் விட்ட புளுகு. நோயாளியே வராத ஆஸ்பத்திரிக்கு மருந்து எதுக்குன்னு அவரு வெரட்டறாரு. நீங்களோ, படுத்தா அரிசிய வெட்டிருவாங்கன்னு காய்ச்சலோடயே வேலைக்குப் போறீங்க. நான் வேற என்ன செய்யறது?"

ராக்கம்மா போர்த்தியிருந்த சாக்கை இன்னும் இறுக்கிக்கொண்டாள். வெயில் ஏறியும் அவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. "அட பாவி மனுசா! அப்ப நாங்க இவ்வளவு நேரம் நடிச்சதெல்லாம்?"

"நீங்க எங்க நடிச்சீங்க?" என்றார் தங்கராஜு. "நடிச்சவன் அர்ச்சுனன் ஒருத்தன்தான்."