கருநாக்கு

கூடத்தில் இருந்தவர்கள்: தங்கை இளநாச்சி. அவள் கணவன் கொற்றன். தொட்டிலில், இன்னும் பெயர் வைக்காத அவர்கள் பெண். பிறகு, அக்காவான அவள்.

குழந்தை அழுதுகொண்டிருந்தது.

முகம் சிவந்திருந்தது. வாய் கோணியது. கண்ணீர் காதுவரை வழிந்தது.

சத்தம் மட்டும் இல்லை.

“வாயை மூடு” என்றுதான் அவள் சொன்னாள். எந்த வீட்டிலும் யாரும் சொல்வது. மதியத் தூக்கம் கெட்டிருந்தது, அவ்வளவுதான்.

அழுகை நின்றதும் புரண்டு படுத்தாள். தங்கை வந்து உலுக்கும்வரை நன்றாகத் தூங்கினாள்.

ஆனால் அவள் நாக்கு கறுத்தவள். கோட்டைக்காகக் கெடுசொல் கற்றவள்.

முதல் சொல்லுக்கு விரதம் இருந்தாள். எதிரிப் படையின் குதிரைகள் நின்ற இடத்திலேயே படுத்தன. எழவில்லை. அன்று நாக்கு நுனியில் மிளகளவு கறுப்பு. அரசன் இந்த வீட்டைக் கொடுத்தான்.

பிறகு, கிணற்றடியில் வம்புக்கு வந்த ஒருத்தி. அந்தச் சொல்லுக்குக் கோபம் வேண்டியிருந்தது.

பிறகு, குரைத்த நாய். எரிச்சலே போதுமாக இருந்தது.

“எங்க மதினி வாயத் தொறந்தா எமனே ஒதுங்கி நிப்பான்” என்று கொற்றன் விருந்தாளிகளிடம் பீற்றிக்கொள்வான். அவளும் சிரிப்பாள். பிடித்திருந்தது.

இன்று அவன் சுவரைப் பார்த்து நின்றான்.

அவள் தொட்டிலின் மேல் குனிந்தாள். “அழு கண்ணு. சத்தமா அழு.”

கெடுப்பதற்குப் பழக்கிய நாக்கு. நல்லது எதுவும் அதற்கு வரவில்லை.

தெரிந்த முகத்தைக் கண்டு குழந்தை சிரித்தது.

அதிலும் சத்தமில்லை.

இளநாச்சி ஓடிவந்து குழந்தையின் காதுகளைப் பொத்தினாள். “போதும்க்கா. இன்னும் எதையாவது சொல்லிடாத.”

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாற்றுச்சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தங்கை பின்னாலேயே வந்தாள்.

சிறு வயதிலிருந்தே இளநாச்சிக்கு ஒரு வழக்கம். கிளம்புகிறவர் ‘போறேன்’ என்றால் விடமாட்டாள். கையைப் பிடித்து நிறுத்தி, ‘போயிட்டு வாறேன்னு சொல்லு’ என்பாள். அக்கா என்றால் இரண்டு தரம் சொல்லவைப்பாள்.

அவள் வாயிலிருந்து முந்தானையை விலக்கினாள்.

“போறேன்.”

சொல்லிவிட்டுப் படியிலேயே நின்றாள். அவள் சொன்னால் பலிக்கும். இருவருக்கும் தெரியும்.

தங்கையின் கை நீண்டது.

கதவைத்தான் பிடித்தது.

தாழ் விழுந்தது. பிறகு, பூட்டு.