பத்து விரல்கள்

பெர்னிக் நகரத்து நிலவறை ஜிம்மில், தெருவில் நடப்பவர்களின் கால் நிழல்கள் பெஞ்சின் மேல் ஊர்கின்றன. லுபென் அதில் மல்லாந்து படுத்திருக்கிறான். தசை கரைகிற நோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, வாரம் தவறாமல் எடை தூக்கும் இரும்பு ராடின் இரு முனையிலும் ஒரு சின்ன பிளேட் கூட்டி, எடையைச் சாக்பீஸால் சுவரில் எழுதிவருகிறான். இன்று அறுபத்தைந்து கிலோ. ராடு இறங்கி, மார்பைத் தொட்டு, அங்கேயே நின்றுவிடுகிறது. லுபென் கண்ணை இறுக மூடிக்கொண்டு முக்குகிறான். தலைமாட்டில் துணைக்கு நிற்கும் விதான், வழக்கமாக ராடுக்கு அடியில் இரண்டு விரல் மட்டும் கொடுப்பவன், பத்து விரலையும் கொடுக்கிறான். "தூக்குடா, கிழட்டுக் கரடி!" என்று கத்தும்போது அவன் கழுத்து நரம்பு புடைக்கிறது. எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஜிம் கூட்டாளிகள் நாங்கள் தரையைப் பார்க்கிறோம். ராடு கொக்கியில் போய் விழுகிறது.

"ராடைத் தொட்டியா?" லுபென் கண்ணைத் திறக்கிறான்.

"சத்தியமா இல்லடா. எல்லாம் உன் பலம்தான்."

"அப்போ அடுத்த வாரம் இன்னும் ரெண்டரை கூட்டிடலாம்."

லுபென் சுவரருகே போய் எழுதக் கையைத் தூக்குகிறான். சாக்பீஸ் நழுவுகிறது. விதான் குனிந்து எடுக்கிறான். ராடைத் தூக்கிச் சோர்ந்த அவன் பத்து விரலிலும் அது நிற்கவில்லை.