பரிமளாவின் வளையல்

குடிக்காமல் பரிமளாவால் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. குடித்துவிட்டாலோ, வருகிறவனிடம் ஆணுறை போடச் சொல்லி அடம்பிடிக்க முடியாது. அதற்காகத்தான் சுகாதார மையத்தில் வளையல் மாட்டிவிட்டார்கள். வியர்வையில் மது ஏறினால், அவள் தெளிவாக இருந்தபோது பதிந்துவைத்த குரலில் அது பேசும்.

“உறை இல்லாம கிட்ட வராதய்யா.”

“வளையல்கிட்டயா வந்தேன்? கழட்டி எறி புள்ள,” என்றான் லாட்ஜ் அறைக்கு வந்தவன்.

அவள் இழுத்துக்கூடப் பார்த்தாள். மையத்தில்தான் அது கழலும். அவன் கதவை அறைந்துவிட்டுப் போனான்.

அவள் விளையாட்டாகப் பதிந்திருந்த அடுத்த வரியை வளையல் சொன்னது: “தப்பிச்சடி. சாப்டியா?”

அப்படிக் கேட்க அவளுக்கு வேறு யாரும் இல்லை.

“இன்னும் இல்லடி,” என்றாள்.

போதை இறங்கிவிட்டால் வளையல் பேசாது. பரிமளா டம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.