பூஜ்யச் சரிவு

அன்று மழை விட்டிருந்ததா, தூறிக்கொண்டிருந்ததா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காட்டில் காளான் பொறுக்கும் ரங்கியின் கூடை நிறையப் புற்றுக்காளான் இருந்தது மட்டும் நிச்சயம்.

வனச் சோதனைச்சாவடியில் நான்தான் கணிப்பு இயந்திரத்தின் திரையைப் பார்த்துச் சொன்னேன்.

"அக்கா, கீழ்ச்சரிவுல இன்னைக்குக் காளான் விளைச்சல் பூஜ்யம்னு கணிச்சிருக்கு. கணிப்புக்கு மேல எடுத்தா திருட்டுங்க."

"மெசினு இல்லைங்கற காளான எப்படித் தம்பி திருடறது?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"எடுத்த இடத்தச் சொல்லுங்க. கணிப்பத் திருத்திடலாம், காட்டுக்குள்ள போற உங்க பாஸும் தப்பிச்சுரும்."

காளான் கண்ட இடத்தை வாய்விட்டுச் சொன்னால் மறுவருடம் அங்கே முளைக்காது என்பார்கள் அவர்கள். கணிப்பில் ஏறிய இடத்துக்கு மறுநாளே காளான் குத்தகைக்காரரின் லாரி வந்து வாரிக்கொண்டு போகும் என்பது எனக்கும் தெரியும்.

ரங்கி கழுத்திலிருந்த வனப் பாஸைக் கழற்றி என் மேசையில் வைத்தாள்.

"பூஜ்யந்தான். அப்படியே இருக்கட்டும்."

பின்னால் நின்ற பத்துப் பேரும் ஒவ்வொருவராக வந்து தங்கள் பாஸை வைத்தார்கள்.

அவர்களில் ஒருவருக்கும் பாஸ் திரும்பக் கிடைக்கவில்லை. ரங்கி செங்கல் சூளையில் வேலை செய்கிறாள். என்னை வேறு சாவடிக்கு மாற்றிவிட்டார்கள். கீழ்ச்சரிவு இன்றும் திரையில் பூஜ்யம்தான். லாரி அங்கே போனதேயில்லை.