எந்தப் பெட்டி நல்ல பெட்டி?

“போச்சு வாப்பா! நெட்வொர்க் மறுபடியும் செத்துப்போச்சு.”

ரஷீதா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கப்பல் சரக்குக்குப் பத்திரம் தயாரித்துத் தரும் அலுவலகம் அது, சிராங்கூன் சாலையில். அங்கிருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே ஒயரில் கோத்தவை. ஒயர் எந்த இடத்தில் விட்டுப்போனாலும் அத்தனையும் நின்றுவிடும். எண்பத்தெட்டாம் வருஷத்தில் அதுவே பெரிய புதுமை.

முதலாளி முகைதீன் மகளைப் பாவமாகப் பார்த்தார். பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வந்து, அந்த ஒயரை இழுத்து எல்லாவற்றையும் இணைத்தவள் அவள்தான். அவருக்கு நெட்வொர்க் கவலையைவிடப் பெரிய கவலையும் அவள்தான்.

கொண்டுவந்த மாப்பிள்ளைகளையெல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தட்டிக்கழித்துவிட்டாள். இன்னொரு தகப்பனாக இருந்தால், ‘நீயே ஒருத்தனைப் பார்த்துக்கோ’ என்று விட்டிருப்பார். முகைதீனுக்கு அந்தப் பேச்சே ஆகாது. மாப்பிள்ளையை அவர்தான் தேடிப் பிடிக்க வேண்டும். காதல் கீதல் என்று எவனாவது வந்தால் படியேற விடமாட்டார்.

“கவலைப்படாதே லா. அதுக்குத்தானே ரெண்டு கம்பெனிக்கு நீ போன் போட்டிருக்கே? ஒயர்ல ஓடற ட்ராஃபிக், எரர் எல்லாம் காட்டற பெட்டியாமே. எது நல்லதோ அதை வாங்கிடுவோம்.”

முதலில் வந்தவர் பெர்னார்ட். கழுத்தில் டை, கையில் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி. அவர் வருவதற்குள் நெட்வொர்க்குக்குத் தானாகவே உயிர் வந்திருந்தது. அவர் பெட்டியை மாட்டியதும் திரையில் பச்சைக் கோடுகள் ஓடின. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே மறுபடியும் செத்தது.

பெர்னார்ட் அசரவில்லை. “ட்ராஃபிக் ரொம்பக் கம்மி சார். ஒயர்ல பழுதுன்னா எரர் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். இங்க எரரே இல்ல, ஒரேயடியா நிக்குது. யாரோ கையால கழட்டின மாதிரி இருக்கு.”

“கழட்டறாங்களா? எங்கே?”

அவர் பெட்டியில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு சன்னல் பக்கம் கையை நீட்டினார். அங்கே இருந்தவை ரஷீதாவின் மேசையும் டைப்பிஸ்ட் கமலாவின் மேசையும்தான்.

“ஐயோ முதலாளி!” கமலா அலறினாள். “அந்த ஒயரைக் கண்டாலே நான் ஒதுங்கிப் போறவ! ஷாக் அடிச்சுடும்னு அந்தப் பக்கம் காலைக்கூட நீட்டறதில்ல!”

“கமலாக்காவையா சொல்றீங்க?” ரஷீதா வரிந்து கட்டிக்கொண்டு எழுந்தாள். “அவங்களைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

“பெட்டி சொல்றதைத்தான் நான் சொல்றேன்...”

முகைதீனுக்கு முகம் சிவந்துவிட்டது. “என் ஆளுங்களைத் திருடங்களாக்குற பெட்டி எனக்கு வேணாம் தம்பி. எடுத்துட்டுப் போங்க.”

அடுத்து வந்தவன் நூருல் அமீன். ஒல்லியான உடம்பு, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. பெட்டியும் சின்னதுதான். அதை மாட்டிவிட்டு ரொம்ப நேரம் அதையே உற்றுப் பார்த்தான்.

“இப்பவே எதையும் சொல்ல முடியாது சார். அவசரப்பட்டு யார் மேலயும் பழி போடக் கூடாது. கொஞ்ச நாள் நான் தினமும் வந்து ட்ராஃபிக்கைப் பார்க்கணும்.”

எவ்வளவு பதவிசான பேச்சு! முகைதீனுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. அவனுக்கும் ஒரு தேத்தண்ணி வரவழைத்தார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“வாப்பாவுக்கு நாகூர். நாங்க இருக்கறது கிளமெண்டில.”

“அப்படியா! நம்ம பக்கம்தான். கல்யாணம்...?”

“உம்மா பார்த்துட்டிருக்காங்க சார்,” என்று அமீன் வெட்கப்பட்டான்.

அவ்வளவுதான். முகைதீன் மகளைத் தம் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“பெட்டி எப்படிம்மா?”

“பரவாயில்லை.”

“ஆளு?”

“எந்த ஆளு? அந்த எண்ணெய்த் தலையா?” ரஷீதா முகத்தைச் சுளித்தாள். “வாப்பா, பெட்டி விக்க வந்தவரைப் போய்...”

“எண்ணெய் வச்சா என்ன? தங்கமான பையன். ஆளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. இத்தனை நாள் நீ சொன்னதையெல்லாம் நான் கேட்டேன்ல? இந்த ஒரு தடவை நான் சொல்றதைக் கேளும்மா.”

ரஷீதா தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் மூக்கு, முழி என்று ஆரம்பிக்கப் போகிறாள் என்று முகைதீன் பயந்துகொண்டிருந்தார். இந்தப் பையனையும் விட்டுவிட்டால் அப்புறம் எங்கே போய்த் தேடுவது?

“நீங்களே பார்த்துச் சொல்றீங்க. நான் என்ன சொல்றது வாப்பா? சரி.”

இதுவரை அவள் வாயிலிருந்து ‘சரி’ என்று வந்ததே இல்லை. முகைதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் மனம் மாறுவதற்குள் விஷயத்தை முடித்துவிட வேண்டும் என்று, புக்கிட் பாஞ்சாங் வீட்டிலிருந்த மனைவிக்குப் போன் போட்டார். “சம்சுன்னிசா! மாப்பிள்ளை கிடைச்சுட்டாரு! நான் பிடிச்ச மாப்பிள்ளை!”

ரஷீதா கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். கமலா சாப்பிடப் போயிருந்தாள். சன்னலோர மேசைக்கு அடியில் குனிந்திருந்த அமீன் தலையை நீட்டினான்.

“என்ன சொன்னாரு?”

“உங்களை அவரே கண்டுபிடிச்சாராம்.” ரஷீதா சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஒயரை மாட்டிடுங்க. இனிமே நான் கழட்ட மாட்டேன்.”